செக்கிற்குப் பின் வந்த நாட்கள்

கப்பலோட்டிய தமிழர் வ.உ.சிதம்பரனார் என்றவுடன் நம் நினைவில் எழுவன இரண்டே. ஒன்று, தூத்துக்குடித் துறையில் நின்ற கப்பல். மற்றொன்று, கோவைச் சிறையில் சுழன்ற செக்கு. ம.பொ.சிவஞானம் எழுதிய வரலாறும், 1961-ல் வெளிவந்த திரைப்படமும், பள்ளிப் பாடநூல்களும் இவ்விரு காட்சிகளையும் நம் நெஞ்சில் ஆழப் பதித்துவிட்டன. சுதேசிக் கப்பற் கம்பெனி பதிவு செய்யப்பெற்றது 1906 அக்டோபர்த் திங்களில். கோவைச் சிறையினின்றும் அவர் கண்ணூர்ச் சிறைக்கு மாற்றப்பெற்றது 1910 டிசம்பர்த் திங்களில். ஆக, நாம் அறிந்து போற்றும் வ.உ.சி. வாழ்ந்தது நான்கு ஆண்டுகளே. அவரோ 64 ஆண்டுகள் வாழ்ந்தார். சிறை மீண்ட பின்னர் மட்டும் ஏறத்தாழ 24 ஆண்டுகள். அந்த 24 ஆண்டுகளையும் வரலாறு எழுதுவோர் வறுமை என்னும் ஒரு சொல்லால் கடந்து போய்விடுகின்றனர்.

நாம் அந்த ஆண்டுகளிலேயே சற்றுத் தங்க விழைகிறோம். காரணம் உண்டு. நம்மில் துறவு பூண்டோர் மிகச் சிலர். கப்பல் ஓட்டியோர் எவருமிலர். வயலும், கடையும், அலுவலகமும், பிள்ளைகளின் படிப்பும், மாலையில் ஜினாலயத்தில் ஏற்றும் விளக்குமாக நம் நாட்கள் கழிகின்றன. பெருஞ்செயல் ஏதுமற்ற இத்தகைய நாட்களில் உயிர்க்கு ஊட்டம் எங்கிருந்து கிடைக்கும் என்னும் கேள்வி இல்லறத்தார் அனைவர்க்கும் பொது. பெருஞ்செயல் செய்து, அதன் பயன் அனைத்தையும் இழந்து, பின்னர் நம்மைப் போலவே கடைக்கணக்கும் வீட்டு வாடகையுமாக வாழ்ந்த ஒருவர் இக்கேள்விக்குத் தம் வாழ்வால் விடை தந்திருக்கிறார். அன்றியும், நம் சமயத்தவராகக் கருதப்பெறும் உரையாசிரியர் இருவரின் நூல்கள் அச்சேறி நம் கைக்கு வந்ததில் அவர்க்குப் பெரும் பங்குண்டு. சிதம்பரனார் சைவக் குடியிற் பிறந்து சைவத்தில் ஈடுபாடு கொண்டவர். அவரை நம்மவர் என்று உரிமை கொண்டாட நாம் வரவில்லை.

வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பகுதிகளில் வாழும் நம் வாசகர்க்குத் தூத்துக்குடி தொலைவான ஊர். தமிழகத்தின் தென்கோடியில், மன்னார் வளைகுடாவின் கரையில், உப்பளங்களும் பனைகளும் சூழ அமைந்தது. பழைய பாண்டியர் துறையாகிய கொற்கை அருகே உள்ளது. கொற்கை முத்து நம் இலக்கியங்கள் எல்லாம் பாடியது. கரைக்கு அப்பால் கடலடியில் முத்துச் சிப்பிகள் வாழும் பார்கள் உண்டு. சலாபம் நடக்கும் ஆண்டுகளில் தோணிகள் அப்பார்களை நோக்கி விரையும். காலிற் கல்லைக் கட்டிக் குளியாளிகள் மூழ்குவர். அள்ளிய சிப்பிகளைக் கரையிற் குவித்து, தசை அழுகும்வரை விட்டு, பின்னர்க் கழுவி முத்தெடுப்பர். இலட்சக்கணக்கான உயிர்கள் மாளும் தொழில் அது. முத்து மாலையைக் கையிலேந்தும்போது நம் வீட்டுப் பெண்கள் இதனையும் ஒருகணம் எண்ணிப் பார்க்கலாம். தூத்துக்குடியில் கடைசிச் சலாபம் 1961-ல் நடந்தது. சிப்பிகள் அருகிவிட்டமையால் பின்னர் நடைபெறவில்லை.

இத்துறைமுகத்திற்கு உள்ளே, கரிசல் நிலத்தில் உள்ள ஒட்டப்பிடாரம் என்னும் ஊரில், 1872 செப்டம்பர் 5ஆம் நாள், உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மாளுக்கும் மகனாகச் சிதம்பரனார் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர். தம் வரலாற்றை அவர் பிற்காலத்தில் செய்யுளாகவே எழுதி வைத்தார். நாடு போற்றும் தலைவர் தம் வரலாற்றை எழுதப் புகுந்தால் எங்கே தொடங்குவார்? இவரோ பாட்டனும் பாட்டியும் சொன்ன கதைகளையும், வீரப்பெருமாள் அண்ணாவியிடம் தமிழ் கற்றதையும், தாம் ஆடிய விளையாட்டுக்களையும் விரிவாக எழுதுகிறார். மரமேறியதும், நீந்தியதும், சிலம்பம் பழகியதும், பிள்ளைகளோடு கூடி ஆடிய ஆட்டங்களின் பெயர்களும் அங்கே வரிசையாக வருகின்றன. இவற்றை எழுதும்போது அவர் அரசியல் வாழ்வில் அனைத்தையும் இழந்தவர். செக்கிழுத்த கைகளே அந்த ஆட்டங்களை ஒன்றுவிடாமல் நினைவுகூர்ந்து எழுதின. நம் முதியோர் பலர் இளமையைப் பேசும்போது ஏக்கமே மிகுந்திருக்கும். அவர் எழுத்தில் ஏக்கம் இல்லை. ஆடிய மகிழ்ச்சி அப்படியே இருக்கிறது.

திருச்சிராப்பள்ளியில் சட்டம் பயின்று, 1894-ல் தேறி, அடுத்த ஆண்டு ஒட்டப்பிடாரத்திலேயே வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். ஏழைகளுக்குப் பொருள் பெறாமலே வாதாடினார். 1895-ல் வள்ளியம்மையை மணந்தார். அவ்வம்மையாரைப் பற்றிய ஒரு செய்தியை நாம் கூறியே ஆகவேண்டும். இராமையா தேசிகர் என்பவர் கண்பார்வையற்ற துறவி, கற்றவர். அவரைச் சிதம்பரனார் தம் இல்லத்தில் தங்கவைத்தார். தேசிகர் தாழ்ந்த குலத்தவர் என்று சொல்லி ஊரார் பழித்தனர். உறவினர் முகஞ்சுளித்தனர். இப்படிப்பட்ட இடங்களில் கணவர் கொள்கை பேசுவார். மனைவியோ அடுக்களையில் அல்லற்படுவார். வள்ளியம்மை அவ்வாறு அல்லற்படவில்லை. ஊரார் சொல்லைப் பொருட்படுத்தாது, பார்வையற்ற அம்முதியவர்க்குத் தம் கையாலேயே அன்னமிட்டுப் பேணினார். அம்மையார் 1901-ல் காலமானார். பின்னர் மீனாட்சி அம்மாளை மணந்தார் சிதம்பரனார். வள்ளியம்மையின் நற்குணங்களைத் தம் வரலாற்றில் அவர் நன்றியோடு பாடியுள்ளார். நாட்டுப்பற்று வருவதற்கு முன்பே அவர் வீட்டில் வந்து குடியேறியது இந்த விருந்தோம்பல். அது கடைசிவரை வெளியேறவில்லை.

1900-ல் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். பின்னர் நிகழ்ந்தவற்றை வாசகர் நன்கறிவர். ஆதலின் விரைந்து செல்வோம். தூத்துக்குடிக்கும் கொழும்பிற்கும் இடையே ஆங்கிலக் கம்பெனி ஒன்றே கப்பல் விட்டு வந்த நாளில், பாண்டித்துரைத் தேவரைத் தலைவராகக் கொண்டு, பத்து இலட்சம் ரூபாய் மூலதனம் குறித்து, பங்கொன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாக வகுத்துச் சுதேசிக் கம்பெனி எழுந்தது. 1907-ல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன. 1908 தொடக்கத்தில் கோரல் பஞ்சாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து வென்றனர். அவர்க்குத் துணைநின்றவர் சிதம்பரனார். மார்ச்சு 12ஆம் நாள் சுப்பிரமணிய சிவாவுடன் சிறைப்பிடிக்கப்பட்டார். சூலை 7ஆம் நாள் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். செய்தி கேட்ட தம்பி மீனாட்சிசுந்தரத்தின் மனநிலை குலைந்தது. அவர் பின்னர்த் தேறவேயில்லை. மேல்முறையீட்டில் தண்டனை ஆறாண்டுகளாகக் குறைந்தது.

கோவைச் சிறையில் சணல் இயந்திரத்தைச் சுற்றினார். உள்ளங்கைத் தோல் உரிந்தது. பின்னர்ச் செக்கு. மாட்டின் இடத்தில் மனிதர். அக்கல் செக்கு இன்று சென்னைக் கிண்டி காந்தி மண்டபத்தில் காட்சிக்கு வைக்கப்பெற்றுள்ளது. அதனைக் காண்போர் கண்ணீர் மல்குவர். நாமும் கண்டு நின்றிருக்கிறோம். ஆயின் அதே சிறையில், அதே மாதங்களில், செக்கினும் வியப்பான ஒன்று நிகழ்ந்தது. கிடைத்த ஓய்வில் அவர் ஒரு சிறு ஆங்கில நூலைத் தமிழாக்கிக்கொண்டிருந்தார்.

அந்நூலை எழுதியவர் ஜேம்ஸ் ஆலன். இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் 1864-ல் பிறந்தவர். பிழைப்புத் தேடி அமெரிக்கா சென்ற தந்தை அங்கே கொலையுண்டமையால், பதினைந்தாம் வயதிலேயே படிப்பை விட்டு வேலைக்குப் போனவர். பின்னர் அலுவலக வேலையையும் துறந்து, தென்மேற்குக் கடற்கரையில் இல்ஃப்ரகோம் என்னும் சிற்றூரில் எளிய வாழ்வு மேற்கொண்டார். விடியுமுன் எழுந்து குன்றின்மேல் ஏறித் தனித்திருந்து சிந்திப்பது, முற்பகலில் எழுதுவது, பிற்பகலில் தோட்டவேலை செய்வது என நாளை வகுத்துக்கொண்டார். 1912-ல் மறைந்தார். வாழ்ந்தது 48 ஆண்டுகளுக்கும் குறைவு. உலகின் ஒரு மூலையில் காய்கறிப் பாத்தி வெட்டிக்கொண்டிருந்த இம்மனிதரின் எண்ணங்கள் மற்றொரு மூலையில் செக்கடியில் நின்ற ஒருவர்க்குத் துணையாயின.

1903-ல் வெளிவந்த ஆலனின் அச்சிறு நூல், 1909-ல், மொழிபெயர்த்தவர் சிறையில் இருக்கும்போதே, மனம் போல வாழ்வு என்னும் பெயரில் தமிழில் வெளிவந்தது. மூல நூலின் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல், நம் வீட்டுப் பெரியோர் இளையோரை வாழ்த்தும் பாங்கில் அப்பெயரை அமைத்தார். மனிதன் தன் எண்ணங்களாலேயே தன்னை ஆக்கிக்கொள்கிறான். சூழ்நிலையை நொந்து பயனில்லை, உள்ளத்தைத் திருத்துக என்பது அந்நூலின் சாரம். இதனைச் சாய்வு நாற்காலியில் அமர்ந்து எழுதுவது எளிது. சூழ்நிலை என்பது செக்காகவும் சவுக்காகவும் இருக்கும் இடத்தில் உண்மை என்று ஒப்புக்கொண்டு மொழிபெயர்ப்பது வேறு. உள்ளத்தின் பாவனையே வினைக்கட்டிற்கும் வினைநீக்கத்திற்கும் காரணம் என்றும், கோபம், மானம், மாயை, உலோபம் என்னும் நான்கு கஷாயங்களே உயிரைப் பிணிக்கும் கயிறு என்றும் நாம் இளமை முதல் கேட்டு வருகிறோம். கேட்டதைச் சோதித்துப் பார்க்கும் இடம் நமக்கு வாய்ப்பதில்லை. வாய்த்தால் எத்தனை பேர் தேறுவோம் என்பது ஐயமே.

கண்ணூர்ச் சிறையில் தம்முடன் இருந்த கைதிகளுக்கு அவர் ஆசிரியரானார். திருடியோரும் கொலைசெய்தோரும் கூடிய அக்கூட்டத்திற்கு நீதி நூல்களைப் பாடம் சொன்னார். அவர்கள் வேண்டுகோளால் எழுந்ததே மெய்யறிவு என்னும் நூறு வெண்பாக்கள் கொண்ட நூல். சிறையில் உருப்பெற்ற மற்றொரு நூல் மெய்யறம். மாணவரியல், இல்வாழ்வியல், அரசியல், அந்தணவியல், மெய்யியல் என ஐந்து பகுதிகள், 125 அதிகாரங்கள், அதிகாரத்திற்குப் பத்தடிகள். கொலையும் புலாலும் விலக்குதலை மாணவர்க்குரிய தொடக்கப் பாடங்களிலேயே அவர் வைத்திருப்பது நம் வாசகர்க்கு மகிழ்ச்சி தரும். வீடுபேறு பேசும் மெய்யியலுக்கு ஐந்தே அதிகாரங்கள் ஒதுக்கியவர், இல்வாழ்விற்கு முப்பது ஒதுக்கினார் என்பதையும் கருதவேண்டும். துறவின் உயர்வை அவர் மறுக்கவில்லை. அன்றாட வாழ்வில் கற்கவேண்டியவை மிகுதி என்று அவர் எண்ணியிருக்கவேண்டும்.

1912 டிசம்பர் 24ஆம் நாள் விடுதலை. ஆயிரக்கணக்கானோர் திரண்டு முழங்கிய தூத்துக்குடி அன்று கண்ணூருக்கு வரவில்லை. சிறைவாயிலில் காத்திருந்தோர் ஒரு சிலரே. சுப்பிரமணிய சிவா அவர்களுள் ஒருவர். சிறையில் தொழுநோய் பற்றி உருமாறியிருந்தார். கப்பற் கம்பெனி 1911-லேயே கலைக்கப்பட்டிருந்தது. எந்த ஆங்கிலக் கம்பெனியை எதிர்த்து அது தோன்றியதோ அதற்கே ஒரு கப்பல் விற்கப்பட்டிருந்தது. வழக்கறிஞர் உரிமை பறிபோயிருந்தது. இத்தனையும் ஒருவர்க்கு ஒரே வேளையில் நேர்ந்தால், எஞ்சிய வாழ்நாள் முழுவதும் மனங்கசந்து கிடந்திருந்தாலும் உலகம் குறை சொல்லியிராது. அவர் கசப்பே அற்றவராக இருந்தார் என்று நாம் மெருகேற்றவும் விரும்பவில்லை. தம் நிலையைக் குறித்து வருந்தி அவர் பாடிய செய்யுட்கள் உள்ளன. ஒருகாலத்தில் நாடிவந்த புலவர்க்கெல்லாம் வாரி வழங்கிய தாம், இப்போது பாட்டெழுதிப் பிறர் உதவியை நாடி நிற்பதை அவரே வெண்பாவாக்கியிருக்கிறார். துன்பத்தை மறைக்கவில்லை, அத்துன்பத்திலும் தளை தட்டாமல் வெண்பா பாடியதில் ஒரு சிறு இன்பம் அவர்க்கு இருந்திருக்கும் என்றே நமக்குத் தோன்றுகிறது.

சென்னையில் சிந்தாதிரிப்பேட்டை, மயிலாப்பூர், பெரம்பூர் என வீடு மாறி மாறி வாழ்ந்தார். அரிசி விற்றார், நெய் விற்றார், மண்ணெண்ணெய் விற்றார். கப்பல் நடத்திய கை தராசைப் பிடித்தது. வணிகம் ஓங்கவில்லை. இக்காலத்து நிகழ்ந்த ஒரு செய்தி அவர் உள்ளத்தைக் காட்டும். தென்னாப்பிரிக்கத் தமிழர் இவர்க்கெனத் திரட்டிய தொகை காந்தியடிகளிடம் இருந்தது. அதுபற்றி இருவர்க்கும் இடையே 1915, 1916 ஆண்டுகளில் கடிதங்கள் நடந்தன. தமக்கு அப்பணம் வேண்டுவதில்லை என்று பெருமிதமாக எழுதுவது இவர்க்கு எளிதாக இருந்திருக்கும். அவ்வாறு எழுதவில்லை. தம் இன்றைய நிலையில் வேண்டாம் என்பது தமக்கும் தம் குடும்பத்திற்கும் தீங்கு செய்வதாகும் என்று உள்ளதை உள்ளபடி எழுதினார். காலம் தாழ்ந்தபோதும் கடுஞ்சொல் சொல்லாமல் பொறுத்து நினைவூட்டினார். 1916-ல் 347 ரூபாய் 12 அணா வந்து சேர்ந்தது. வறுமையில் செருக்கும் கூடாது, கெஞ்சலும் கூடாது என்பதைச் சொல்லலாம். இரண்டும் இல்லாமல் ஒரு கடிதம் எழுதிப் பார்த்தவர்க்கே அதன் அருமை தெரியும்.

இனி நாம் முதலிற் சொன்ன உரையாசிரியர்களிடம் வருவோம். கடைக்கணக்கை முடித்த கையோடு அவர் எடுத்து அமர்ந்தது ஏட்டுச் சுவடிகளை. திருக்குறளுக்கு இன்று கிடைக்கும் பழைய உரைகளுள் காலத்தால் முற்பட்டது மணக்குடவர் உரை. பரிமேலழகர் உரையின் பெரும்புகழில் அது மறைந்து கிடந்தது. அதன் அறத்துப்பால் பகுதியை 1917-ல் பதிப்பித்து வெளியிட்டார் சிதம்பரனார். மணக்குடவரைச் சமணர் என்று கருதும் அறிஞர் பலர் உளர். அவர் உரை சுருங்கியது, ஆரவாரம் அற்றது. குறளை வாசகர் கையில் கொடுத்துவிட்டுத் தாம் ஒதுங்கி நிற்பது. நெய்க்கடை நடத்திய வ.உ.சி.க்கு அவ்வுரை பிடித்துப் போனதில் வியப்பில்லை.

இதனினும் பெரியது இளம்பூரணர் செய்தி. 1910-ல் கோவைச் சிறையில் இருந்தபோதே தொல்காப்பியத்தைப் பழைய உரைகளுடன் அவர் படித்தார். அவ்வுரைகளிற் பல இடங்கள் அவர்க்கு எளிதில் விளங்கவில்லை. எனவே எவரும் படித்துணரும் வகையில் எளிய உரையொன்றைத் தாமே எழுதத் தொடங்கினார். சிறை மீண்ட பின்னர் இளம்பூரணர் உரை அவர் கைக்குக் கிடைத்தது. படித்தார். தாம் தேடிய எளிமையும் தெளிவும் அதிலேயே இருக்கக் கண்டார். தம் உரையை அத்துடன் நிறுத்திக்கொண்டு, இளம்பூரணத்தைப் பதிப்பிக்கும் பணியை மேற்கொண்டார். நூலெழுதும் பழக்கமுள்ளோர் இந்த ஒரு செயலை எண்ணிப் பார்க்கவேண்டும். தாம் எழுதியதை விட நல்லது முன்னரே இருக்கிறது என்று கண்டு, தம்முடையதை மூடிவைத்து, முன்னோர் நூலுக்குத் தொண்டு செய்வதில் மகிழ்ச்சி காண்பது எளிதன்று. நான்கு கஷாயங்களுள் மானம் என்பது கற்றவரையே மிகுதியாகப் பற்றும்.

இளம்பூரணர் தொல்காப்பியம் முழுமைக்கும் உரை கண்ட பழையவர். உரையாசிரியர் என்னும் பொதுப்பெயரே அவர்க்குச் சிறப்புப் பெயராயிற்று. இளம்பூரண அடிகள் என்று வழங்கப்பெறும் அவரைச் சமணத் துறவி என்பது அறிஞர் பலரும் கொண்ட முடிபு. ஓரில்லத்தில் பிறந்து மறைந்தோர் பெயரை அடுத்த தலைமுறை மறக்கும் நம் நாட்டில், பல நூற்றாண்டுகட்கு முற்பட்ட ஓர் அருந்தவரின் உரையை, வாடகை வீட்டு விளக்கொளியில் படியெடுத்து, ஒப்பிட்டு, அச்சுப்படி திருத்தியவர் ஒரு சைவ வேளாளர். பொருளதிகாரத்தின் பகுதிகள் முதலில் வந்தன, எழுத்ததிகாரமும் வெளிவந்தது, 1930-களில் எஸ்.வையாபுரிப் பிள்ளையுடன் சேர்ந்து பொருளதிகாரம் முழுமையும் வெளிவர உழைத்தார். சமயம் வேறு என்னும் எண்ணம் எங்கும் குறுக்கிடவில்லை. நம் இல்லங்களில் தொல்காப்பியம் இளம்பூரணம் இருக்குமாயின், அடுத்த முறை அதனைத் திறக்கும்போது பதிப்பின் வரலாற்றையும் நினைத்தல் வேண்டும்.

1920-ல் காங்கிரசின் ஒத்துழையாமைத் திட்டத்தோடு ஒவ்வாமல் விலகினார். கோவையில் சில ஆண்டுகள் வாழ்ந்தார், வங்கியொன்றில் பணிபுரிந்தார். 1920-களில் அவர்க்கு மீண்டும் வழக்கறிஞர் உரிமை கிடைத்தது. அதற்குத் துணைநின்றவர் வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதி. 1908-ல் நெல்லைச் சீமையில் ஆட்சிப் பணியில் இருந்தவர். ஆங்கிலேயர் ஆட்சியால் இத்தனை துன்புற்ற சிதம்பரனார், தமக்குப் பிறந்த மகனுக்கு அவ்வாங்கிலேயர் பெயரை ஒட்டி வாலேஸ்வரன் என்று பெயரிட்டார். நன்றி கூறுவோர் ஒரு கடிதம் எழுதுவர். ஒரு மாலை சூட்டுவர். இவர் அதனைத் தம் வீட்டிற்குள் கொண்டுவந்துவிட்டார். பிள்ளையைச் சாப்பிட அழைக்கும்போதும், பாடம் கேட்கும்போதும், குறும்பு செய்தால் அதட்டும்போதும் நாவில் வருவது அந்த நன்றியே. ஆங்கிலப் பெயரை ஈசுவரன் பெயராக்கிக் கொண்ட அவர் நகைச்சுவையை எண்ணி நாம் பலமுறை மகிழ்ந்ததுண்டு.

மீண்ட உரிமையுடன் கோவிற்பட்டியில் தொழில் நடத்தினார். கோவிற்பட்டியை அடுத்துள்ளது கழுகுமலை. அங்கே பாறையில் தீர்த்தங்கரர் திருமேனிகள் வரிசை வரிசையாகச் செதுக்கப்பெற்றிருப்பதை நம் வாசகர் பலர் யாத்திரையில் கண்டு தொழுதிருப்பர். அத்திருமேனிகளின் கீழே வட்டெழுத்தில் பொறித்திருப்பன பெரும்பாலும் மன்னர் பெயர்கள் அல்ல. குரவடிகள், குரத்தியர், அவர்தம் மாணாக்கர், பல ஊர்க்குடிகள் ஆகியோரின் பெயர்களே. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் இக்கரிசற் சீமையில் வாழ்ந்த எளிய மக்கள், தம் ஆசிரியர்க்காகவும் உற்றார்க்காகவும் ஒரு திருமேனி செய்வித்து, ஒருவரியில் பெயர் பொறித்துச் சென்றனர். நன்றியைக் கல்லில் எழுதியோர் அவர்கள்.

1932-ல் மீண்டும் தூத்துக்குடி வந்தார். எந்தத் துறையில் தம் கப்பல் நின்றதோ அத்துறையில் பிறர் கப்பல்கள் வந்து போவதைப் பார்த்தபடி எஞ்சிய நாட்களைக் கழிக்கவேண்டும். அவ்வூரை அவரே தேர்ந்து வந்தார். ஆலனின் பெருநூலொன்று இரு பகுதிகள் கொண்டது. முதற்பகுதியை 1916-ல் வலிமைக்கு மார்க்கம் என்னும் பெயரால் வெளியிட்டிருந்தார். இரண்டாம் பகுதி 1934-ல்தான் சாந்திக்கு மார்க்கம் என்று வெளிவந்தது. ஒரு நூலின் இரு பாதிகளுக்கு இடையே பதினெட்டு ஆண்டுகள். வலிமையை நாற்பத்து நான்காம் வயதிலும் சாந்தியை அறுபத்திரண்டாம் வயதிலும் மொழிபெயர்த்தார் என்பது தற்செயலாகவும் இருக்கலாம். திருக்குறள் அறத்துப்பாலுக்குத் தாமே எழுதிய உரையை 1935-ல் அச்சேற்றினார். ஏனைய இரு பால்களின் உரையும் எழுதிவைத்தார். அவை நூலாகியது இந்நூற்றாண்டில்தான். அச்சாகுமா என்று தெரியாத நிலையிலும் நாள்தோறும் குறளோடு அமர்ந்திருந்தார். பொருட்பாலும் காமத்துப்பாலும் கூட அவர்க்கு அன்றாட உணவாக இருந்தன.

இந்நாட்களிலும் வந்தார்க்கு உணவளியாமல் அனுப்பும் வழக்கம் அவ்வீட்டில் இல்லை. விருந்து செய்வதற்குக் கடன்பட்டதும் உண்டு. இது அறிவுடைமையா என்று நம்முள் கணக்கறிந்தோர் கேட்கலாம். நாமும் முழுமனத்துடன் ஆம் என்று சொல்லத் துணியோம். மீனாட்சி அம்மாள் பட்ட பாட்டை யார் எழுதினார்? ஆயினும் இராமையா தேசிகர்க்கு வள்ளியம்மை இட்ட அன்னம் முதல் இதுவரை அந்த அடுப்பு அணையவில்லை என்பதும் உண்மையே.

1936 நவம்பர் 18ஆம் நாள் தூத்துக்குடியில், காங்கிரசு அலுவலகத்தில், சிதம்பரனார் உயிர் நீத்தார். இறுதிப் படுக்கையில் தம் நண்பர் பாரதியாரின் பாடலைப் பாடச்சொல்லிக் கேட்டார் என்பர். இன்று அவ்வூர்த் துறைமுகம் அவர் பெயரால் வழங்குகிறது. மறைவதற்குச் சிறிது முன்னர் ஓர் உயில் எழுதினார். நாட்டிற்குச் செய்தி எதுவும் அதில் இல்லை. துணிக்கடைக்குக் கொடுக்கவேண்டியது, எண்ணெய்க்கடைக்குக் கொடுக்கவேண்டியது, வீட்டு வாடகை பாக்கி, சில்லறைக் கடன் என்று ஒவ்வொன்றாக, கடைக்காரர் பெயரோடும் தொகையோடும் எழுதி, அவற்றைத் தீர்க்கும் வழியையும் குறித்திருந்தார்.